சயாம் மரண ரயிலின் ஊரில் இரண்டு நாள் நடை: காஞ்சனபுரிக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

இரண்டாம் உலகப் போரில் ஜப்பானியப் படை, போர்க்கைதிகளையும் மலாயாத் தோட்டத் தமிழர் உள்ளிட்ட ஆசியத் தொழிலாளர்களையும் கொண்டு சயாமிலிருந்து (இன்றைய தாய்லாந்து) பர்மாவுக்குப் போட்ட பாதைதான் சயாம் மரண ரயில். அந்தப் பாதையில், ஆற்றைக் கடக்கும் பாலத்தால் பெயர்பெற்ற தாய்லாந்து ஊர் காஞ்சனபுரி. அங்கே போகும் நம்மவர்கள் பெரும்பாலும் வண்டியை விட்டு இறங்கியதும் பாலத்துக்குத்தான் போகிறார்கள். படம் எடுத்துக்கொண்டு, படகில் ஒரு சுற்று சுற்றிவிட்டு, மாலையில் பாங்காக் திரும்பிவிடுகிறார்கள். "தாத்தாவின் அண்ணன் சயாமுக்குப் போனவர், திரும்பவேயில்லை" என்று சொல்லும் மலேசியத் தமிழ்க் குடும்பங்களும் இப்படித்தான் திரும்புகின்றன. அந்தப் பாலத்திலிருந்து நடந்தே போகக்கூடிய தொலைவில் நம் மக்களின் எலும்புகளைச் சேர்த்து வைத்த ஒரு தூபி இருப்பதை யாரும் அவர்களுக்குச் சொல்வதில்லை.

இந்த ஊரில் பார்க்கும் வரிசை மிக முக்கியம். பாலத்தில் தொடங்கினால் மற்றதெல்லாம் அதன் பின்னிணைப்பாகிவிடும். அருங்காட்சியகத்தில் தொடங்கிப் பாலத்தில் முடித்தால் அந்த இரும்பைப் பார்க்கும் கண்ணே வேறாக இருக்கும். கீழே உள்ளது இரண்டு நாள் நடை. மூன்றாவது நாளும் கிடைத்தால் என்ன செய்யலாம் என்பதைக் கடைசியில் சொல்கிறேன்.

## 1. புறப்படும் முன் வீட்டில் செய்ய வேண்டியவை

குடும்பத்தில் கேளுங்கள். உங்கள் குடும்பத்திலிருந்து யாராவது சயாமுக்குப் போயிருந்தால், பயணச்சீட்டு எடுக்கும் முன் மூத்தவர்களிடம் உட்கார்ந்து பேசுங்கள். "என்ன நடந்தது?" என்று பொதுவாகக் கேட்டால் அழுகைதான் வரும், விவரம் வராது. எந்தத் தோட்டம், கங்காணி யார், எந்த ஊரில் ரயில் ஏற்றினார்கள், உடன் போனவர்களில் யார் திரும்பினார்கள் என்று ஒவ்வொன்றாகக் கேளுங்கள். மலாயாத் தோட்டங்களுக்குப் பதிவேட்டில் ஒரு பெயரும் தமிழர் வாயில் வேறொரு பெயரும் இருந்தன. இரண்டையும் எழுதிக்கொள்ளுங்கள்.

இதை முதலில் சொல்வதற்குக் காரணம் உண்டு. பிரிட்டிஷ், ஆஸ்திரேலிய, டச்சுப் போர்க்கைதிகளுக்குப் பெயர்ப் பட்டியல் இருக்கிறது. தோட்டத் தொழிலாளர்களுக்கு அப்படி ஒரு முழுப் பட்டியல் இல்லை. காஞ்சனபுரிக்குப் போய்ப் பெயரைத் தேடலாம் என்று நம்பிப் போகிறவர்கள் மனம் உடைந்து திரும்புகிறார்கள். உங்கள் பாட்டி சொல்வதுதான் பல சமயம் இருக்கும் ஒரே ஆவணம்.

போர்க்கைதியைத் தேடுகிறீர்களானால், காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் இணையப் பதிவேட்டில் முன்கூட்டியே தேடி, கல்லறையின் பகுதி, வரிசை, எண் மூன்றையும் குறித்துக்கொள்ளுங்கள். ஏறத்தாழ ஏழாயிரம் கல்லறைகளுக்கு நடுவே வெயிலில் நின்று ஒரு பெயரைத் தேடுவது வீண் அலைச்சல்.

பழைய பெயர்களையும் புதிய பெயர்களையும் இணைத்து ஒரு தாளில் எழுதுங்கள். கைதிகளின் நாட்குறிப்புகளில் வரும் ஊர்ப்பெயர்கள் இன்றைய வரைபடத்தில் அப்படியே இருக்காது. அவர்கள் தாமர்கன் என்றது இன்றைய தா மகாம். பாலம் நிற்கும் இடம் அதுதான். தார்சாவ் என்றது இன்று ரயில் பாதை முடியும் நாம் தோக். இன்னொன்று பலரையும் திணறவைப்பது: பாலத்தின் அடியில் ஓடும் ஆறு போர்க்காலத்தில் மே குளோங்கின் மேல்பகுதியாகவே அறியப்பட்டது. குவாய் ஆற்றுப் பாலத்தைப் பற்றிய ஆங்கிலத் திரைப்படத்தைப் பார்த்துவிட்டுக் குவாய் ஆற்றைத் தேடி வெளிநாட்டினர் வரத் தொடங்கிய பிறகு, 1960 வாக்கில் அதற்குக் குவே யாய் என்று பெயர் மாற்றினார்கள். பழைய குறிப்பில் மே குளோங் பாலம் என்று இருந்தால் அது வேறு பாலம் என்று குழம்ப வேண்டாம்.

மாதம். நவம்பர் முதல் பிப்ரவரி வரை நடப்பதற்கு ஏற்ற காலம். மார்ச் முதல் மே வரை வெயில் கொளுத்தும். நவம்பர் கடைசியில் பாலத்தில் ஒலி, ஒளிக் காட்சியோடு விழா எடுப்பார்கள். அப்போது கூட்டமும் அறை வாடகையும் ஏறிவிடும். அமைதியாக நடக்க விரும்புகிறவர்கள் அந்த வாரத்தைத் தவிர்ப்பது நல்லது.

குடை, தண்ணீர்ப் புட்டி, கொசு விரட்டித் தைலம், கோயிலுக்கு ஏற்ற உடை, எளிதில் கழற்றி மாட்டும் செருப்பு, சில்லறை பாட் நோட்டுகள். இவை போதும்.

## 2. சரியான நிலையத்தில் ரயில் ஏறுங்கள்

பாங்காக்கின் பெரிய நிலையங்களுக்குப் போய்க் காஞ்சனபுரி ரயிலைத் தேடி ஏமாறுகிறவர்கள் உண்டு. இந்த ரயில்கள் சாவ் பிரயா ஆற்றின் மேற்குக் கரையில், சிரிராஜ் மருத்துவமனைக்கு அருகிலுள்ள தோன்புரி நிலையத்திலிருந்து புறப்படுகின்றன. காலையில் ஒன்று, பிற்பகலில் ஒன்று. காலை ரயிலைப் பிடியுங்கள். நேரத்தை முந்தின நாளே உறுதிசெய்துகொள்ளுங்கள்.

பேருந்தும் வேனும் சற்று விரைவாகவே போகும். இருந்தாலும் ரயிலையே பரிந்துரைக்கிறேன். வழியில் நோங் பிளாடுக் என்ற சந்திப்பு வரும். தாய்லாந்துப் பக்கத்தில் மரண ரயில் பாதை தொடங்கியது அங்கேதான். அதைத் தாண்டிய பின் நீங்கள் போவது அந்தப் பாதையிலேயே. மலாயாவிலிருந்து சரக்குப் பெட்டிகளில் அடைத்துக் கொண்டுவரப்பட்டவர்கள் இறக்கப்பட்ட பான் போங் அதற்குப் பக்கத்து ஊர். அங்கிருந்து காட்டுக்குள் பலர் நடந்தே போனார்கள். உங்கள் ரயில் பான் போங் வழியாகப் போகாது; நோங் பிளாடுக்கின் பெயர்ப் பலகை சன்னல் வழியே கடந்துபோகும், கவனித்துக்கொண்டே வாருங்கள்.

காஞ்சனபுரி நிலையத்தில் இறங்குங்கள். அடுத்துப் பாலத்துக்கென்றே ஒரு நிறுத்தம் இருக்கிறது. கூட்டம் அங்கே இறங்குவதைப் பார்த்து நீங்களும் அதுவரை போய்விட்டால் வரிசை குலைந்துவிடும்.

## 3. முதல் நாள் நண்பகல்: ரயில்வே அருங்காட்சியகம்

பையை விடுதியில் போட்டுவிட்டுச் சாப்பிட்டு முடிக்கும்போது வெயில் உச்சியில் இருக்கும். அந்த நேரத்தில் திறந்தவெளிக்குப் போகாதீர்கள். போர்க் கல்லறைத் தோட்டத்தை ஒட்டி, நிலையத்திலிருந்து சில நிமிட நடையில், தாய்லாந்து – பர்மா ரயில்வே மையம் இருக்கிறது. 2003-இல் திறக்கப்பட்ட இந்த அருங்காட்சியகத்தை உருவாக்கியவர் ராட் பீட்டி என்ற ஆஸ்திரேலியர். காட்டில் மறைந்துபோன பாதையைத் தேடித் தேடி நடந்து அளந்தவர் அவர்.

இங்கே தொடங்கச் சொல்வது குளிர்சாதனத்துக்காக மட்டும் அல்ல. ஊரில் பார்க்கப்போகும் எந்த இடத்திலும் முழுக் கதைக்கான விளக்கம் கிடைக்காது. கல்லறையில் பெயரும் தேதியும்தான் இருக்கும், பாலத்தில் இரும்புதான் இருக்கும். அவற்றை இணைக்கும் இழையை இங்கேயே பிடித்துக்கொள்ள வேண்டும்.

உள்ளே எல்லாவற்றையும் ஒரே வேகத்தில் படித்தால் களைத்துவிடுவீர்கள். முதலில் பாதையின் நிலப்படத்துக்கு முன் நில்லுங்கள். மொத்த நீளம் 415 கிலோமீட்டர்; மறுமுனை பர்மாவின் தன்பியூசயாட். காஞ்சனபுரி நோங் பிளாடுக்கிலிருந்து ஐம்பது கிலோமீட்டர் அளவில்தான் இருக்கிறது. அதாவது நீங்கள் நிற்பது பாதையின் வாசலில். சாவுகளில் பெரும்பகுதி இதற்கு மேலே, பர்மா எல்லையிலுள்ள மூன்று பகோடா கணவாயை நோக்கிய காட்டில் நடந்தது. இதை இங்கே மனத்தில் பதித்துக்கொள்ளாதவர்கள், இந்த ஊர்ப் பாலத்தைக் கட்டும்போதுதான் எல்லோரும் இறந்தார்கள் என்று நினைத்துக்கொண்டே ஊர் திரும்புவார்கள்.

அடுத்துக் காலவரிசை. வேலை 1942-இன் நடுவில் தொடங்கியது. இரு முனைகளும் 1943 அக்டோபர் 17 அன்று இணைந்தன. அந்த ஆண்டு மழைக்காலத்தில்தான் வேலையை முடிக்கச் சொல்லி ஜப்பானியர்கள் இரவு பகலாக விரட்டினார்கள். அப்போதுதான் காலராவும் பரவியது. 1943 மே முதல் அக்டோபர் வரையிலான மாதங்களைக் கைப்பேசியில் குறித்து வையுங்கள். அடுத்த இடத்தில் தேவைப்படும்.

ஆசியத் தொழிலாளர்களைப் பற்றிய பகுதிக்கு அதிக நேரம் ஒதுக்குங்கள். போர்க்கைதிகள் 60,000-க்கும் மேல், அவர்களில் 12,000-க்கும் மேற்பட்டோர் இறந்தனர். தமிழர், பர்மியர், மலாய்க்காரர், ஜாவாக்காரர், சீனர் என்று கொண்டுவரப்பட்ட தொழிலாளர்களோ ஏறத்தாழ இரண்டு லட்சம் பேர். அவர்களின் சாவுக் கணக்கு மதிப்பீடுதான்; 90,000 வரை சொல்கிறார்கள். மலாயாவிலிருந்து மட்டும் எழுபதாயிரத்துக்கும் மேல், அவர்களில் பெரும்பாலோர் ரப்பர் தோட்டத் தமிழர்கள். போரால் ரப்பர் ஏற்றுமதி நின்று, கூலியும் அரிசியும் இல்லாமல் கிடந்த தோட்டங்களில், நல்ல சம்பளம், சில மாத வேலை என்று சொல்லி முதலில் ஆள் சேர்த்தார்கள். ஆள் வராதபோது பிடித்துக்கொண்டு போனார்கள்.

அங்கே நிற்கும்போது ஒரு கேள்வி எழும்: ஒரே காடு, ஒரே காலரா, தொழிலாளர்கள் மட்டும் ஏன் இவ்வளவு அதிகமாக இறந்தார்கள்? கைதிகளோடு அவர்களுடைய படை மருத்துவர்களும் அதிகாரிகளும் இருந்தார்கள். தண்ணீரைக் கொதிக்கவைக்காமல் குடிக்கக் கூடாது, கழிப்பிடம் இவ்வளவு தள்ளித் தோண்ட வேண்டும் என்று கட்டளையிட ஆள் இருந்தது. செத்தவன் பெயரை ஒளித்தாவது எழுதிவைக்க ஆள் இருந்தது. தோட்டத்திலிருந்து வந்த குடும்பங்களுக்கு இதில் எதுவுமே இல்லை. இன்று ஒரு தரப்புக்குக் கல்லறையும் இன்னொரு தரப்புக்கு வெறும் மண்ணும் இருப்பதன் காரணம் இதுதான்.

## 4. முதல் நாள் மாலை: போர்க் கல்லறைத் தோட்டம்

வெயில் தாழ்ந்த பிறகு, வெளிச்சம் இருக்கும்போதே பக்கத்துக் கல்லறைத் தோட்டத்துக்குள் போங்கள். அனுமதி இலவசம். இங்கே 5,084 காமன்வெல்த் வீரர்களும் 1,896 டச்சுக்காரர்களும் நினைவுகூரப்படுகிறார்கள்.

நுழைந்தவுடன் உள்ளே விரையாதீர்கள். வாயில் கட்டடத்திலேயே ஒரு பெயர்ப் பட்டியல் இருக்கிறது: பிரிக்கப்படாத இந்தியாவின் படையைச் சேர்ந்த 11 பேர். தாய்லாந்தின் முஸ்லிம் அடக்கத்தலங்களில் புதைக்கப்பட்டு, அங்கே கல்லறைகளைப் பராமரிக்க முடியாமல் போனதால் பெயர்களை மட்டும் இங்கே பொறித்திருக்கிறார்கள். தமிழ்ப் பயணிகள் இதைப் பார்த்துவிட்டு, "ரயில் பாதையில் இறந்த இந்தியர்கள் இவர்கள்தாம், பதினொரு பேர்தானா?" என்று கேட்பதைப் பல முறை கேட்டிருக்கிறேன். இவர்கள் படைவீரர்கள். தோட்டத் தொழிலாளர்களின் ஒரு பெயர்கூட இந்த வளாகத்தில் இல்லை. இந்த வேறுபாட்டை உடன் வருகிறவர்களுக்கும் சொல்லிவிடுங்கள்.

அடுத்து, இங்கே புதைக்கப்பட்டவர்கள் இங்கே இறந்தவர்கள் என்று எண்ண வேண்டாம். போர் முடிந்த கையோடு, 1945 செப்டம்பரில், ஒரு தேடல் குழு பாதை நெடுகப் போய் முகாம் இடுகாடுகளைக் கண்டுபிடித்தது. கைதிகள் ஒளித்துவைத்திருந்த பதிவுகளும் வரைபடங்களும் அதற்கு வழிகாட்டின. 144 இடங்களில் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட கல்லறைகள் கிடைத்தன. பிறகு அந்த உடல்களை இங்கும், ஆற்றுக்கு அப்பாலுள்ள சுங்காயிலும், தன்பியூசயாட்டிலும் சேர்த்தார்கள். அமெரிக்கர்களைத் தங்கள் நாட்டுக்கே கொண்டுபோய்விட்டார்கள்.

இப்போது வரிசைகளுக்குள் போங்கள். தோட்டம் முழுவதையும் சுற்றிப் பார்க்க முயலாதீர்கள். நூறு பெயருக்குப் பிறகு கண் எதையும் வாங்காது. ஒரே ஒரு வரிசையைத் தேர்ந்தெடுத்து, ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை ஒவ்வொரு பட்டயத்தையும் குனிந்து படியுங்கள். தாழ்ந்த சிறு பீடத்தில் சாய்வாகப் பதித்த வெண்கலத் தகடு அது. படைப்பிரிவின் சின்னம், எண், பதவி, பெயர், பிரிவு, இறந்த தேதி, வயது, அதன் கீழே குடும்பத்தார் எழுதித் தந்த ஓரிரு சொற்கள். தேதியையும் வயதையும் மட்டும் குறித்துக்கொண்டே வாருங்கள். ஜூன் 1943, ஜூலை 1943, ஆகஸ்ட் 1943 என்று தொடரும். இருபத்திரண்டு, இருபத்தாறு, இருபத்தொன்பது என்று வயது வரும். அருங்காட்சியகத்தில் குறித்த மாதங்களை இங்கே வெண்கல எழுத்தில் பார்க்கிறீர்கள்.

நார்ஃபோக், சஃபோக், கேம்பிரிட்ஜ்ஷயர் என்ற பிரிவுப் பெயர்கள் திரும்பத் திரும்ப வருவதைக் கவனிப்பீர்கள். இங்கிலாந்தின் கிழக்கு மாவட்டங்களில் திரட்டப்பட்ட 18-ஆம் டிவிஷன், 1942 தொடக்கத்தில் சிங்கப்பூரில் வந்து இறங்கி, சில வாரங்களிலேயே சரணடைந்தது. சில சிற்றூர்களின் இளைஞர்கள் மொத்தமாக இங்கே படுத்திருப்பதற்குக் காரணம் அதுதான். டச்சுப் பகுதியில் இருப்பவர்களில் பலர் ஜாவாவில் பிறந்த கலப்பினத்தவர்கள்.

கடைசியாக நிழல் மண்டபத்துக்கு வாருங்கள். நியேகே முகாமில் பெரும்பாலும் காலராவால் இறந்த ஏறத்தாழ 300 பேரின் பெயர்கள் அங்கே இருக்கின்றன. அவர்களை எரித்துவிட்டதால், சாம்பல் முழுவதும் இரண்டே கல்லறைகளில் அடங்கியிருக்கிறது.

பட்டயங்களின் மேல் உட்காருவது, பையை வைப்பது இரண்டும் கூடாது. பூ வைக்க விரும்பினால் வைக்கலாம். அன்று இதற்கு மேல் எங்கும் போகாதீர்கள்.

## 5. இரண்டாம் நாள் விடியல்: வாட் தாவோர்ன் வராராம்

வெயில் ஏறும் முன், சீன இடுகாட்டை ஒட்டிய வாட் தாவோர்ன் வராராம் கோயிலுக்குப் போங்கள். உள்ளூரில் வாட் யுவான் என்று கேட்டாலும் வழி சொல்வார்கள். முந்தின நாள் பார்த்த கல்லறைத் தோட்டத்திலிருந்து நடக்கும் தொலைவுதான். வியட்நாமிய வழி வந்த மகாயான பௌத்தக் கோயில் இது.

இந்த நடையின் நடு இடம் இதுதான். சுற்றுலா வண்டிகள் இங்கே நிற்பது அரிது. கோயிலின் முகப்பை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்பினால் தேடி வந்தது கண்ணில் படாது. ஆசியத் தொழிலாளர்களின் எலும்புகள் அடங்கிய தூபியைக் கேட்டுப் போங்கள். மொழி தெரியாவிட்டால் தூபியின் படத்தைக் கைப்பேசியில் முன்பே எடுத்துவைத்துக் காட்டுங்கள். காஞ்சனபுரியில் பெருந்திரளாகப் புதைக்கப்பட்டிருந்த தொழிலாளர்களின் எச்சங்கள் போருக்குப் பிந்தைய ஆண்டுகளில் வெளிப்பட்டன. அவற்றைச் சேர்த்து இங்கே வைத்தார்கள். 1990-இலும் ஊரின் வயல் ஒன்றில் நூற்றுக்கணக்கானவர்களின் எலும்புகள் வெளிப்பட்டன. அண்மை ஆண்டுகளில் தமிழ் அமைப்புகளின் முயற்சியால் தமிழர்களுக்கான நடுகல் ஒன்றும் இந்த வளாகத்தில் நடப்பட்டிருக்கிறது.

முதல் நாள் கல்லறைத் தோட்டம், மறுநாள் விடியலில் இந்தத் தூபி என்று அடுத்தடுத்து வைத்ததற்குக் காரணம் இருக்கிறது. அங்கே ஒருவருக்கு ஒரு பட்டயம், வெட்டிய புல், பெயர், எண், தாய் எழுதிய ஒரு வரி. இங்கே யார் எவர் என்று பிரிக்க முடியாத எலும்புகள் ஒரே தூபியில். தூபியை முதலில் பார்த்தவர்களுக்கு இந்த வேறுபாடு உறைக்காது. கல்லறையை மட்டும் பார்த்தவர்களுக்கோ இந்த மனிதர்கள் இருந்ததே தெரியாது.

குடும்பத்தில் குறித்து வந்த தாளை இங்கே எடுத்து, தோட்டத்தின் பெயரையும் போனவர் பெயரையும் வாய்விட்டுச் சொல்லுங்கள் என்று உடன் வருகிறவர்களிடம் நான் கேட்டுக்கொள்வேன். அந்தப் பெயர்கள் வேறெங்கும் எழுதப்படவில்லை என்பதால் அப்படிக் கேட்கிறேன். ஊதுவத்தி, பூ கொண்டுபோகலாம். இது வழிபாடு நடக்கும் கோயில். செருப்பைக் கழற்றுங்கள், பூசை நடந்தால் முடியும் வரை காத்திருங்கள்.

## 6. இரண்டாம் நாள் முற்பகல்: பாக் பிரேக் தெருவும் மூங்கில் குடிசையும்

கோயிலிலிருந்து தெற்கே ஆற்றோரப் பழைய ஊரை நோக்கி நடங்கள். நடக்க முடியாதவர்கள் சாங்சுதோ சாலையில் பின்புறம் இரு வரிசை இருக்கை போட்ட சோங்தேவ் வண்டியைக் கைகாட்டி நிறுத்தலாம்.

பழைய நகர வாயிலருகே பாக் பிரேக் தெரு தொடங்குகிறது. பழைய கடைவீடுகள் இரு பக்கமும் வரிசையாக நிற்கும். பூன்போங் என்ற வணிகரின் கடை இருந்த வீட்டைத் தேடிப் பாருங்கள். முகாம்களுக்குக் காய்கறியும் உணவுப் பொருளும் விற்கும் அனுமதி பெற்றிருந்த அவர், அந்தச் சரக்குக்குள் மருந்தையும் பணத்தையும் ஒளித்துக் கைதிகளிடம் சேர்த்தார். பிடிபட்டிருந்தால் உயிர் போயிருக்கும். போருக்குப் பின் பிரிட்டன் அவருக்கு ஜார்ஜ் பதக்கம் அளித்தது. பெரும்பாலான வீடுகளில் இன்றும் மக்கள் குடியிருக்கிறார்கள். கேட்காமல் உள்ளே போய்ப் படம் எடுக்காதீர்கள்.

தெருவின் தெற்கே, ஆற்றங்கரையில் வாட் சைச்சும்போன் கோயில். அதன் வளாகத்தில் 1977-இல் கோயிலின் தலைமைத் துறவி தொடங்கிய ஜீத் அருங்காட்சியகம் இருக்கிறது. கைதிகள் படுத்த நீண்ட மூங்கில் கொட்டகையைப் போலவே கட்டி, உள்ளே படங்களையும் ஓவியப் பிரதிகளையும் மாட்டியிருக்கிறார்கள். காட்சிப் பொருள்கள் மங்கலானவை, விளக்கம் குறைவு. எனவே இதை முதலில் பார்ப்பவர்கள் ஏமாற்றம் அடைவார்கள். ரயில்வே மையத்தைப் பார்த்துவிட்டு வந்தால் இங்கே பார்க்க வேண்டியது மூங்கில் மேடைதான் என்று புரியும். அதன் அகலத்தைக் கையால் அளந்து பாருங்கள். பக்கத்தில் இன்னொருவரைப் படுக்கவைத்தால் எவ்வளவு இடம் மிஞ்சும் என்று எண்ணிப் பாருங்கள்.

கவனம்: பாலத்தருகே இதே பெயரைப் பலகையில் தாங்கிய வேறொரு தனியார் காட்சிக்கூடம் இருக்கிறது. ஓட்டுநர்கள் அங்கே கொண்டுபோய் விட்டுவிடுவார்கள். "வாட் சைச்சும்போன்" என்று கோயிலின் பெயரைச் சொல்லியே போங்கள்.

## 7. இரண்டாம் நாள் பிற்பகல்: ஆற்றுக்கு அப்பால் சுங்காய்

நண்பகலில் சாப்பிட்டு ஓய்வெடுங்கள். மூன்று மணிக்கு மேல் சைக்கிள் எடுத்துக்கொண்டோ வண்டி பிடித்தோ ஆற்றைக் கடந்து சுங்காய் கல்லறைத் தோட்டத்துக்குப் போங்கள். குவே நோய் ஆற்றங்கரையில் இருக்கிறது. ஊரின் மையத்திலிருந்து நான்கு கிலோமீட்டர் அளவில் வரும். வெயிலில் இதை நடந்தே போக முயன்று பாதியில் திரும்பியவர்கள் பலர். இந்த ஓர் இடத்துக்கு மட்டும் நடையைக் கைவிடலாம்.

இன்னொரு கல்லறைத் தோட்டம் எதற்கு என்று கேட்பார்கள். காஞ்சனபுரிக் கல்லறைகள் வேறு இடங்களிலிருந்து கொண்டுவரப்பட்டவை. சுங்காய் அப்படி அல்ல. இங்கே பெரிய முகாமும் அதன் மருத்துவமனைக் கொட்டகைகளும் இருந்தன. மேலே காட்டிலிருந்து படகில் இறக்கப்பட்ட நோயாளிகள் இங்கே இறந்தார்கள், சக கைதிகள் இங்கேயே குழி வெட்டினார்கள். 1,739 பேர். ஆற்றங்கரைவரை போய், படகு ஒதுங்கிய கரையை ஒரு முறை பாருங்கள். எனக்கு இந்த ஊரிலேயே மிக நெருக்கமான இடம் இதுதான். ஆள் நடமாட்டம் மிகக் குறைவு, அவசரப்படுத்த யாரும் இல்லை.

நேரம் இருந்தால் அதே சாலையில் காவ் புன் குகைக் கோயில் வரை போகலாம். அருகே பாறையை வெட்டிப் பாதை போட்ட இடம் தெரியும். ரயில் இன்றும் அந்த வழியாக ஓடுகிறது. தண்டவாளத்தில் இறங்கி நடக்காதீர்கள்.

## 8. இரண்டாம் நாள் மாலை: ஜப்பானியர் நினைவுத்தூண், பிறகு பாலம்

ஐந்து மணி வாக்கில் சுற்றுலாப் பேருந்துகள் கிளம்பிவிடும். அப்போது பாலத்தருகே வாருங்கள். ஆனால் ஏறிவிடாதீர்கள். கடைகளுக்குப் பின்னால், ஆற்றின் கீழ்ப்போக்கில் சிறிது தூரம் நடந்தால் மதிலுக்குள் ஒரு தூண் நிற்கும். ரயில் பாதையைக் கட்டிய ஜப்பானியப் படைப்பிரிவு, போர் நடந்துகொண்டிருந்தபோதே, 1944 பிப்ரவரியில், வேலையில் இறந்தவர்களுக்காக எழுப்பியது. மூலைச் சுவர்களில் பல மொழிகளில் பொறித்திருக்கிறார்கள், தமிழும் அவற்றில் உண்டு. சுற்றி நடந்து தமிழ்ப் பலகையைக் கண்டுபிடியுங்கள்.

அந்த எழுத்தின் முன் நிற்பது எளிதல்ல. சாகவைத்த படையே அஞ்சலியும் எழுதியிருக்கிறது. இருந்தாலும், தங்களுக்காக உழைத்துச் செத்தவர்களில் தமிழர் இருந்தார்கள் என்பதற்கு அந்தப் படையே அன்றைக்குக் கல்லில் தந்த ஒப்புதல் அது. காலையில் தூபியைப் பார்த்தவர்கள் இதை எப்படி எடுத்துக்கொள்வது என்று தாங்களே முடிவு செய்துகொள்வார்கள்.

இனிப் பாலம். முதலில் கரையிலிருந்தே முழுவதையும் பாருங்கள். மேல்விளிம்பு வில்போல் வளைந்த சட்டகங்கள் ஜாவாவிலிருந்து கழற்றிக் கொண்டுவரப்பட்ட பழையவை. நடுவே நேர்விளிம்பு கொண்ட இரண்டு சட்டகங்கள் தனித்துத் தெரியும். 1944 – 45 விமானத் தாக்குதலில் விழுந்த பகுதிக்குப் பதிலாகப் போருக்குப் பின் வைத்தவை. பாலத்தின் மேல் ஏறிவிட்டால் இந்த வேறுபாடு கண்ணில் படாது, ஆகையால்தான் கரையிலிருந்து தொடங்கச் சொல்கிறேன். தாமர்கன் முகாம் பாலத்தை ஒட்டியே இருந்ததால், நேச நாட்டு விமானங்களின் குண்டுகளுக்குக் கைதிகளும் பலியானார்கள்.

1957-இல் வந்த புகழ்பெற்ற ஆங்கிலப் படத்தை மனத்தில் வைத்துக்கொண்டு வருகிறவர்கள் மரப்பாலம் எங்கே என்று கேட்கிறார்கள். அந்தப் படம் எடுக்கப்பட்டது இலங்கையில், கிதுல்கல என்ற ஊரில், களனி ஆற்றின் மேல். இங்கே முதலில் தற்காலிக மரப்பாலம் ஒன்றும், 1943-இல் இந்த இரும்புப் பாலமும் கட்டினார்கள். தாமர்கன் முகாமில் கைதிகளின் மூத்த அதிகாரியாக இருந்த பிலிப் டூசி, படத்தில் வரும் அதிகாரியைப்போல் எதிரிக்கு மனமுவந்து பாலம் கட்டித் தந்தவர் அல்லர். தன் ஆட்களை உயிரோடு வைத்திருக்கப் போராடியவர் என்றே அவருக்குக் கீழ் இருந்த கைதிகள் சொன்னார்கள்.

பாலத்தில் நடக்கும்போது ரயில் வந்தால் ஓட வேண்டாம். இடையிடையே ஒதுங்கி நிற்க மேடைகள் இருக்கின்றன. ரயிலும் ஊர்ந்துதான் வரும். குழந்தைகளின் கையைப் பிடித்துக்கொள்ளுங்கள். கட்டைகளுக்கு இடையே இடைவெளி உண்டு, கைப்பேசி விழுந்தால் ஆற்றுக்குத்தான் போகும்.

## 9. மூன்றாம் நாள் இருந்தால்

காலை ரயிலில் நாம் தோக் வரை போங்கள். போகும்போது இடப்பக்கச் சன்னல். தாம் கிராசே அருகே பாறைச் சுவரை ஒட்டி, ஆற்றுக்கு மேலே மரக்கால்களில் பாதை நிற்கும். அந்தப் பக்கம் உட்கார்ந்தால்தான் தெரியும்.

நாம் தோக்கிலிருந்து மேலே பதினெட்டு கிலோமீட்டர் அளவில் ஹெல்ஃபயர் கணவாய். உளியாலும் சம்மட்டியாலும் பாறையைப் பிளந்து பாதை போட்ட இடம். ஆஸ்திரேலிய அரசு நடத்தும் விளக்க மையமும் ஒலி வழிகாட்டியும் இலவசம். கணவாய்க்குள் படியிறங்கி நடக்க வேண்டியிருப்பதால், முழங்கால் வலி உள்ளவர்கள் நேரத்தை இரட்டிப்பாக வைத்துக்கொள்ளுங்கள். ஏப்ரல் 25 ஆஸ்திரேலியர்களின் நினைவு நாள். அன்று விடியலிலேயே கூட்டம் சேரும். வேறு நாளில் போவது நல்லது.

திரும்புவதற்கு 323-ஆம் எண் நெடுஞ்சாலையில் காஞ்சனபுரி நோக்கி வரும் பேருந்தைக் கைகாட்டி நிறுத்தலாம். மாலை நெருங்க நெருங்கப் பேருந்துகள் குறையும். கடைசி வண்டி எத்தனை மணிக்கு என்று விளக்க மைய ஊழியர்களிடம் உள்ளே நுழையும்போதே கேட்டுக்கொண்டு, அதற்கு முந்தைய வண்டியைப் பிடிக்கும்படி நடையை முடித்துக்கொள்ளுங்கள்.